இல்லாத இரண்டரை ஏக்கர்

பழனியாத்தாள் அக்காவுக்கு இரண்டரை ஏக்கர் தோட்டம் இருக்கிறது என்று அவருக்கு முதன்முதலாகச் சொன்னவர், கோயம்புத்தூரில் ஓர் அரசு அலுவலகத்தில் விண்ணப்பம் சரிபார்க்கிற அதிகாரி. அதைக் கேட்டதும் அக்கா, "அப்படிங்களா? எந்தப் பக்கமுங்க இருக்குது?" என்று கேட்டார். கிண்டலுக்குக் கேட்கவில்லை. யாரோ தன் பெயரில் எழுதி வைத்துவிட்டுச் செத்துப்போயிருக்கலாம் என்று ஒரு நொடி நினைத்தாராம். அன்று சாயங்காலம் கோழிப்பண்ணை வாசலில் வைத்து இதை என்னிடம் சொன்னபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்கா நான் சிரித்து முடிக்கும் வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

"சிரிச்சாச்சுங்களா சார்? என்னைக் கிருபாசங்கர் ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போனது நீங்கதானுங்க."

அதோடு என் சிரிப்பு நின்றுவிட்டது.

நான் சசிதர். ஒரு கறிக்கோழிக் கம்பெனியில் சூப்பர்வைசர். குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி கொடுக்கும். பண்ணைக்காரர்கள் நாற்பது நாள் வளர்த்துத் திருப்பிக் கொடுப்பார்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி கிடைக்கும். அன்னூரைச் சுற்றி முப்பத்தெட்டுப் பண்ணைகள் என் பொறுப்பு. அதில் முப்பத்தேழு பண்ணைகள் தோட்டக்காரர்களுடையவை. கிணறு, தென்னை, பத்து மாடு, ஓரத்தில் ஒரு கோழி ஷெட் என்று இருப்பார்கள். முப்பத்தெட்டாவது பண்ணை பழனியாத்தாள் அக்காவுடையது. அவருக்குக் கிணறும் கிடையாது, தென்னையும் கிடையாது. ஷெட்டே வாடகை.

அந்த ஷெட்டில் அவர் ஒன்பது வருஷம் கூலி வேலை செய்தார். எரு அள்ளினார், கோழிகளுக்குப் படுக்கையாகத் தென்னை நார்த்தூள் பரப்பினார், செத்த கோழியைப் பொறுக்கிக் குழியில் போட்டார். ஷெட் முதலாளியின் பிள்ளைகள் படித்துவிட்டு ஊர் திரும்பவில்லை. அவரும் மூட்டுவலியோடு கோயம்புத்தூருக்குப் போக முடிவு செய்தபோது, "நீயே நடத்திக்க, மாசம் பத்தாயிரம் கொடு" என்று சாவியைக் கொடுத்தார். இது நடந்து எட்டு வருஷம். ஏழாயிரம் கோழி. என் முப்பத்தெட்டுப் பண்ணையில் சாவுக் கணக்கு எப்போதும் குறைவாக இருப்பது அங்கேதான். ஷெட்டுக்குள் போகாமல் வெளியே நின்று சத்தத்தைக் கேட்டே, "தெக்கு மூலையில குளிருதுங்க" என்பார். போய்ப் பார்த்தால் குஞ்சுகள் தெற்கு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டிருக்கும்.

பிடிவாதமும் அப்படித்தான். ஒரு தடவை கோழி எடை போடும்போது கூண்டுக்கு நாற்பது கிராம் குறைகிறது என்று சொல்லி, வந்த லாரியை இரண்டு மணி நேரம் நிறுத்திவிட்டார். வேறு தராசு வரவழைத்தோம். நாற்பது கிராம் குறையத்தான் செய்தது. அன்றைக்கு நான் மேலிடத்தில் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

இப்போது கிருபாசங்கர் கதைக்கு வருகிறேன். கம்பெனி கொடுக்கிற கூலியில் நூற்றுக்கு ஒரு ரூபாய் வரியாகப் பிடித்துக்கொள்ளும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் அது திரும்பி வரும். அக்காவுக்கு அந்த வருஷம் ஆறாயிரத்துச் சொச்சம் பிடித்திருந்தார்கள். "ஆறாயிரத்தை ஏனுங்கக்கா உட்டுப் போடறீங்க?" என்று நான்தான் அன்னூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மருந்துக்கடை மாடியில் இருக்கிற கிருபாசங்கர் ஆபீசுக்குக் கூட்டிப்போனேன். எனக்கும் அவர்தான் கணக்கு எழுதுகிறார். நல்ல மனிதர். போனதும் டீ சொல்வார். கால் மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டார். இரண்டே மாதத்தில் அக்காவின் பாங்கிக் கணக்கில் பணம் வந்தது. அந்தப் பணத்தில் அக்கா சொந்தமாக ஒரு எலக்ட்ரானிக் தராசு வாங்கினார். எனக்கு அது பிடிக்கவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அந்த வருஷக் கடைசியில்தான் நிலத்தின் பேச்சு வந்தது. புளியம்பட்டி தாண்டிச் சத்தியமங்கலம் போகிற ரோட்டில், செங்கோடன் என்கிற விவசாயி அறுபது சென்ட் மேட்டுக்காட்டை, மழையை நம்பிய மானாவாரி நிலத்தை, விற்கிறார் என்று அக்காவின் கணவர் ஐயாசாமி கேள்விப்பட்டு வந்தார். அவர் தீவன லாரி ஓட்டுகிறவர். வழியெல்லாம் அவருக்கு ஆள் பழக்கம். விலை பத்து லட்சம். நிலமே இல்லாத கூலிக் குடும்பத்துப் பெண்கள் நிலம் வாங்கினால் பாதிப் பணத்தை மானியமாகக் கொடுக்கிற அரசுத் திட்டம் ஒன்று இருக்கிறது. மீதிப் பாதிக்குப் பாங்கியில் கடன். தேர்வுக் கமிட்டி ஜனவரி ஒன்பதாம் தேதி கூடுகிறது. செங்கோடன், "தை பொறந்து பத்து நாள் வரைக்கும் பொறுக்கறனுங்க. அதுக்கு மேல வேற பார்ட்டி நிக்குது" என்று சொல்லிவிட்டார்.

அக்கா எல்லாக் காகிதத்தையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, காந்திபுரத்தில் இறங்கி டவுன் பஸ் மாறி, அந்த அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். வருமானத்துக்குச் சான்று கேட்டார்கள் என்பதால் வரிக் கணக்கின் நகலையும் சேர்த்து வைத்தார். அதைப் பெருமையாகவே வைத்தார். அவர் வம்சத்தில் யாரும் அப்படி ஒரு காகிதத்தைப் பார்த்ததில்லை. அதிகாரி அதைப் புரட்டி நான்காவது பக்கத்தில் விரலை வைத்தார். விவசாய வருமானம் ஆறு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். நிலம் இரண்டரை ஏக்கர். சொந்தம். பாசன வசதி உள்ளது.

"நிலமில்லாதவங்களுக்குத்தாம்மா இந்தத் திட்டம். உங்களுக்கே தோட்டம் இருக்குன்னு நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்களே," என்றார் அவர்.

இதைத்தான் அக்கா என்னிடம் வந்து சொன்னார். தேதி டிசம்பர் பன்னிரண்டு.

மறுநாள் காலை இரண்டு பேரும் மருந்துக்கடை மாடி ஏறினோம். கிருபாசங்கர் டீ சொன்னார். அக்கா டம்ளரைத் தொடவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் காடு உழுவது, மாடு வளர்ப்பது, ஆடு, கோழி எல்லாமே பண்ணையம்தான். பால் ஊற்றிப் பணம் வாங்குகிறவரும் விவசாயம் பார்க்கிறேன் என்றுதான் சொல்வார். வரிச் சட்டம் அப்படி நினைப்பதில்லை. மண்ணில் விளைந்தால்தான் அதற்கு விவசாயம். அதற்குத்தான் வரி இல்லை. கோழி வளர்ப்பது தொழில். கிருபாசங்கருக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் ஊரில் எல்லோரும் கோழியைப் பண்ணையம் என்று சொல்ல, அவரும் அதை விவசாயம் என்று போட்டுப் போட்டே பழகிவிட்டார். ஐந்து லட்சத்துக்கு மேல் விவசாய வருமானம் காட்டினால், நிலம் எங்கே, எவ்வளவு, யாருடையது என்று கம்ப்யூட்டர் கேட்கும். கேட்டது. அவரும் எழுதினார்.

"ஒரு பேச்சுக்குப் போட்டதுங்க அம்மிணி," என்றார் கிருபாசங்கர். "அந்தக் கட்டத்தை நெரப்பாட்டி அடுத்த பக்கத்துக்கே போகாதுங்க. உங்களுக்கு முந்தி வந்த ஆளோடதுல ரெண்டரை ஏக்கர் இருந்துச்சு. அதையே வச்சுட்டேன்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்களே. உங்க முன்னாலதான உக்காந்திருந்தேன்."

"அன்னூர்ல கோழிப்பண்ணைன்னா தோட்டம் இல்லாமயாங்க இருக்கும்?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இருபத்தைந்து வருஷமாக அந்தப் படியேறி வந்தவர்கள் எல்லோரும் தோட்டம் உள்ளவர்கள். ஆனாலும் அந்த வார்த்தை எனக்கே சுருக்கென்றது. அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"எங்கம்மா நாப்பது வருசம் ஊரான் காட்டுல களை வெட்டுனாங்க. சாகறப்ப அவங்க பேர்ல ஒரு சென்ட் இல்லீங்க. நீங்க கால் மணி நேரத்துல ரெண்டரை ஏக்கர் எழுதிப்போட்டீங்க. கெணறு வேற வெட்டிக் குடுத்திருக்கீங்க. எனக்கு அது வேண்டாமுங்க. எடுத்துப் போடுங்க."

கிருபாசங்கர் என்னைப் பார்த்தார். நான் டீயைப் பார்த்தேன். பிறகு மெதுவாக விஷயத்துக்கு வந்தார். இதே மாதிரி நாற்பது பேருக்கு எழுதியிருக்கிறாராம். ஒருவருடையதைத் திருத்தினால் அது ஏன், இது ஏன் என்று கேள்வி வருமாம். அக்கா வேண்டுமானால் கிராம நிர்வாக அலுவலரிடம் நிலம் இல்லை என்று ஒரு சான்று வாங்கிக் கொடுக்கட்டும், அதுவே போதும் என்றார்.

"மத்தவங்களுது எனக்குத் தெரியாதுங்க," என்றார் அக்கா. ஆனாலும் சான்று வாங்கினார். அதற்கு ஐந்து நாள் அலைந்தார். அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, "இதுல இல்லைங்குது, அதுல இருக்குங்குது. நான் எதைம்மா நம்பறது? கணக்கைத் திருத்திக் கொண்டு வாங்க. டிசம்பர் முப்பத்தொண்ணுக்குள்ள திருத்தலாம்," என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அக்காவும் அப்படித்தான் சொன்னார்.

அந்த இருபதாம் தேதி அக்காவின் பண்ணைக்குக் குஞ்சு இறக்கினோம். முதல் வாரம் குஞ்சுகளைக் காய்ச்சல்காரனைப் பார்த்துக்கொள்வதுபோலப் பார்த்துக்கொள்ள வேண்டும். மார்கழிக் குளிர் வேறு. கரியடுப்பு அணையக் கூடாது. அணைந்தால் காலையில் கூடை கூடையாகச் சாகும். இருபத்திரண்டாம் தேதி காலை எட்டு மணிக்கு நான் போனபோது அக்கா குளித்துச் சேலை மாற்றிக் கிளம்பி நின்றார்.

"எங்கீங்கக்கா?"

"கிருபாசங்கர் ஆபீசுக்குங்க. எங்க வூட்டுக்காரரு லோடு ஏத்திட்டுத் தர்மபுரி போயிட்டாரு. நீங்க சித்த நேரம் குஞ்சைப் பாத்துக்கங்க சார்."

"நானா? எனக்கு இன்னும் ஆறு பண்ணை பாக்கோணுமுங்க!"

"நீங்கதான கூட்டிட்டுப் போனீங்க," என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.

நான் பி.எஸ்சி. படித்தவன். ஒரு கம்பெனி சூப்பர்வைசர். அன்றும் மறுநாளும் காலை எட்டிலிருந்து பகல் ஒரு மணி வரை கரியடுப்பை ஊதிக்கொண்டு, நார்த்தூள் மூக்கில் ஏற, ஏழாயிரம் குஞ்சுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். கோபம் கோபமாக வந்தது. ஒரு கட்டம், ஒரே ஒரு கட்டம், அதற்காகவா இத்தனை என்று தனியாகப் பேசிக்கொண்டேன். குஞ்சுகள் கத்தியதில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

இரண்டாம் நாள் பத்தரை மணிக்குக் கிருபாசங்கர் போன் செய்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"சசி, உங்க அக்காவைக் கூட்டிட்டுப் போயிருங்க சாமி."

"சத்தம் போடறாங்களா?"

"சத்தம் போட்டாத்தான் பரவால்லையே!"

நடந்தது இதுதான். அக்கா போய்க் கும்பிட்டுவிட்டு, வாசலை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மாடி ஏறி வருகிறவர்கள் எல்லாம் அக்காவுக்குத் தெரிந்த முகம். "ஏனுங்க அம்மிணி, இங்க உக்காந்திருக்கறீங்க?" என்று கேட்பார்கள். அக்கா மிகவும் மரியாதையாக, "எனக்கு இல்லாத காட்டை இருக்குதுன்னு எழுதிப் போட்டாருங்க. அதைத் திருத்தறதுக்கு உக்காந்திருக்கறனுங்க" என்பார். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. கேட்டவர் யோசிப்பார். பிறகு தன் காகிதத்தை நீட்டி, "என்னோடதுல என்னங்க எழுதியிருக்குது?" என்று கிருபாசங்கரைக் கேட்பார். முதல் நாள் நாலு பேர் கேட்டார்கள். இரண்டாம் நாள் பதினொரு பேர்.

மூன்றாம் நாள் காலை அக்கா படியேறும்போதே கிருபாசங்கர் கதவருகில் நின்றிருந்தார். கையில் ஒரு துண்டுச் சீட்டு. அதில் வருமான வரித் தளத்துக்குள் அக்காவின் கணக்கைத் திறக்கிற பாஸ்வேர்டு எழுதியிருந்தது.

"நான் எழுதித் தர மாட்டேனுங்க. என் கையால திருத்துனா அந்த நாப்பதும் என் தலையில விழும். இதைக் கொண்டுபோய் வேற யாருகிட்டயாச்சும் பண்ணிக்கங்க."

"சரீங்க. ரொம்ப நன்றிங்க," என்று சீட்டை வாங்கிக்கொண்டு அக்கா இறங்கிவிட்டார். அன்றைக்குச் சீக்கிரமே பண்ணைக்கு வந்துவிட்டதால் என் வேலையும் பிழைத்தது. நான் பார்த்துக்கொண்ட இரண்டு நாளில் இருபத்தொரு குஞ்சு செத்திருந்தது. அக்கா எண்ணிப் பார்த்துச் சுவரில் எழுதி, பக்கத்தில் என் பெயரையும் எழுதிவிட்டார்.

அன்னூரில் இ-சேவை மையம் வைத்திருக்கிற இஸ்மத், காந்திபுரத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஒன்பது வருஷம் இருந்தவர். கல்யாணமாகி இங்கே வந்த பிறகு சாதிச் சான்று, வருமானச் சான்று, பாஸ்போர்ட் என்று விண்ணப்பம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒன்பது வருஷம் படித்த வேலையை யாரும் கேட்கவில்லையே என்கிற எரிச்சல் அவருக்கு உண்டு. இருபத்தாறாம் தேதி அக்காவும் நானும் போய் விஷயத்தைச் சொன்னதும் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இதுக்குத் திருத்திய ரிட்டர்ன்னு பேருங்கக்கா. மொதல்ல போட்டது தப்பு, இதுதான் சரின்னு நாமளே சொல்றது. நாமளா சொன்னா தப்பில்லை. அவங்க கண்டுபிடிச்சுக் கேட்டாத்தான் கஷ்டம். பழைய ரிட்டர்ன் நம்பர் சொல்லுங்க, தேதி சொல்லுங்க."

அக்கா சொல்லச் சொல்ல இஸ்மத் தட்டினார். விவசாய வருமானத்தை எடுத்தார். கூடவே அந்த இரண்டரை ஏக்கரும் கிணற்றுப் பாசனமும் மறைந்தன. அதற்கான கட்டமே இல்லாத வேறு படிவத்துக்கு, தொழில் செய்கிறவர்களுடைய பாரத்துக்குப் போனார். மொத்த வரவு ஆறு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்.

"இதுல மிச்சம் எவ்வளவுன்னு போடோணும். சின்னத் தொழிலுக்குக் கணக்குப் புஸ்தகம் எல்லாம் கேக்க மாட்டாங்க. நூத்துக்கு ஆறு ரூபா லாபம்னு போட்டாலே ஏத்துக்குவாங்க. முப்பத்தேழாயிரம் போட்டுரலாமுங்களா?"

"நெசமா அவ்வளவுதானுங்களா எனக்கு மிச்சம்?"

"அது உங்களுக்குத்தான் தெரியும். அதிகமா இருந்தா அதிகமாப் போடறதுதான் முறை."

அக்கா பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்தார். உள்ளே தினசரிக் காலண்டர் தாள்கள். கிழித்த ஒவ்வொரு தாளின் பின்னாலும் அன்றன்று ஆன செலவு. ஷெட் வாடகை, கரி, நார்த்தூள், கரண்ட், ஆள் கூலி. ஆறு பேட்ச்சுக்கும் தனித்தனியாக ரப்பர் பேண்டு. மூன்று பேரும் கூட்டினோம். இஸ்மத் ஒரு தொகை சொல்ல, நான் வேறு சொல்ல, அக்கா சொன்னதுதான் சரியாக இருந்தது. மிச்சம் இரண்டு லட்சத்து எண்பத்தோராயிரம்.

"அதையே போடுங்க," என்றார் அக்கா. "ஒரு பொய்யை எடுக்கறதுக்கு வந்துட்டு இன்னொன்னு எதுக்குங்க?"

இஸ்மத் போட்டார். கம்ப்யூட்டர் ஒரு நொடி யோசித்தது. கட்ட வேண்டிய வரி என்ற இடத்தில் பூஜ்யம் வந்தது. அவ்வளவு வருமானத்துக்கு வரியே இல்லை. திரும்பி வந்த ஆறாயிரத்தையும் யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. அது அக்காவுக்குச் சேர வேண்டிய பணம்தான்.

அக்கா திரையை உற்றுப் பார்த்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் நிஜமான கோபத்தைப் பார்த்தேன்.

"அப்ப உள்ளதை எழுதியிருந்தாலும் ஒரு ரூவா கட்ட வேண்டியதில்லீங்களா?"

"இல்லீங்கக்கா."

"அப்பறம் எதுக்குங்க எனக்குக் காடு குடுத்தாரு?"

அந்த ஆளிடம் கூட்டிப்போனவன் நான். அங்கே டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனும் நான். அக்காவுக்குத் தோட்டம் கிடையாது என்று கிருபாசங்கரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கும் அப்போது அது தோன்றவில்லை என்பதுதான் உண்மை.

கடைசியாக ஒரு சிக்கல். கணக்கை அனுப்பியது அக்காதான் என்று உறுதி செய்ய, ஆதாரில் உள்ள செல்போனுக்கு ஓர் எண் வரும். அக்காவின் ஆதாரில் இருந்தது ஐயாசாமியின் பழைய நம்பர். அது செத்து நாலு வருஷம். இப்போது யாரோ ஒருவர் அதை வைத்திருக்கிறார். நான் போட்டுப் பார்த்தேன், இந்தியில் திட்டினார்.

"பரவாயில்லை. கையெழுத்துப் போட்டு பெங்களூருக்குத் தபால்ல அனுப்பலாம். முப்பது நாள் டைம் இருக்குது," என்று இஸ்மத் ஒரு பக்கத்தை அச்செடுத்துக் கொடுத்தார். அக்கா அதில் பழனியாத்தாள் என்று முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டார். மெதுவாக, ஓர் எழுத்தும் கோட்டைத் தாண்டாமல். மறுநாள் காலை தபால் ஆபீஸ் திறக்கும்போது வாசலில் முதல் ஆளாக நின்று ஸ்பீடு போஸ்ட் செய்தார்.

அன்று அக்காவைப் பண்ணையில் விட்டுவிட்டு நான் மறுபடி இஸ்மத் கடைக்குப் போனேன். என் கணக்கிலும் ஒரு பொய் இருந்தது. சொந்த வீட்டில் இருந்துகொண்டு திருப்பூரில் மாதம் எட்டாயிரம் வாடகை கொடுக்கிறேன் என்று, வரி குறைவதற்காக, நாலு வருஷமாக எழுதிக்கொண்டிருந்தேன். கிருபாசங்கர் தானாகப் போட்டது இல்லை, நான் கேட்டுப் போட்டது. அந்த வருஷத்துக்கு உரியதை மட்டும் திருத்தினால் பதினேழாயிரம் கட்ட வேண்டும் என்றார் இஸ்மத். கட்டினேன். மூன்று நாள் வயிறு எரிந்தது. மீதி வருஷங்களுக்கு வேறு பாரம், கூடுதல் வரியோடு. அதையும் ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன். யாரும் என்னைப் பாராட்ட வேண்டாம், எரிச்சலோடுதான் கட்டுகிறேன்.

ஜனவரி ஐந்தாம் தேதி, தபால் கிடைத்தது என்று இஸ்மத்தின் மெயிலுக்குச் செய்தி வந்தது. அக்கா திருத்திய கணக்கை எடுத்துக்கொண்டு கோயம்புத்தூர் போனார். அதிகாரி பக்கம் பக்கமாகப் புரட்டினார். நான்காவது பக்கத்தில் நின்றார். இரண்டரை ஏக்கர் இல்லை. பழைய நகலைக் கோப்பிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்.

"எல்லாரும் இல்லாததை இருக்குன்னு காட்டத்தாம்மா இங்க வருவாங்க," என்று சொல்லிச் சிரித்து, முத்திரை குத்தினாராம்.

ஒன்பதாம் தேதிக் கமிட்டியில் அக்கா பெயர் வந்தது. பாங்கிக்கு அந்த இரண்டு லட்சத்து எண்பத்தோராயிரம் பிடித்துப்போனது. முப்பத்தேழாயிரம் என்று போட்டிருந்தால் கடன் கொடுத்திருக்கவே மாட்டோம் என்று மேனேஜரே சொன்னார். செங்கோடன் தை பத்தைத் தாண்டியும் மாசி பிறக்கும் வரை பொறுத்தார். ஆள் கறார்தான், ஆனால் வாக்குக் கொடுத்தால் நிற்பார். மாசியில் பத்திரம் பதிந்தது. கமிட்டியும் பாங்கியும் பதிவு ஆபீசும் மாறி மாறி ஓடிய அந்த நாட்களில், அக்காவின் கோழி ஒன்றுகூட எடை குறையவில்லை. நான் சரிபார்த்தேன். அவருடைய தராசில்தான்.

இதெல்லாம் முடிந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. போன ஜூலையில் அக்கா கணக்குத் தாக்கல் செய்ய இஸ்மத் கடைக்கு வந்தபோது நானும் என்னுடையதைக் கொடுக்கப் போயிருந்தேன். கிருபாசங்கர் பக்கம் இப்போது நான் போவதில்லை. அந்த நாற்பது பேரில் பாதிப் பேர் இஸ்மத்திடம் வந்துவிட்டார்கள் என்று கேள்வி. அவரும் இப்போதெல்லாம் வருகிறவர்களிடம் டீ சொல்வதற்கு முன்னால், "தோட்டம் இருக்குதுங்களா?" என்று கேட்கிறாராம்.

இஸ்மத் கோழி வரவைப் போட்டு, மிச்சத்தைப் போட்டு, முடிக்கப் போனார்.

"இருங்க கண்ணு," என்றார் அக்கா. பையிலிருந்து ஒரு காலண்டர் தாளை எடுத்தார். "காட்டுல சோளம் போட்டிருந்தனுங்க. மழை ஏமாத்திப் போடுச்சு. தட்டை மாட்டுத் தீனிக்கு வித்ததுல செலவு போக நாலாயிரத்து முந்நூறு."

"இது விவசாயங்கக்கா, வரி கிடையாது. இந்தத் தொகையெல்லாம் போடாட்டியும் ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

"போடுங்க."

இஸ்மத் போட்டார். விவசாய வருமானம், நாலாயிரத்து முந்நூறு. அக்கா நாற்காலியை இழுத்துத் திரைக்குப் பக்கத்தில் வந்தார்.

"காடு எங்கீங்க எழுதறது? அறுபது சென்ட், மானாவாரி, எம்பேர்ல."

இஸ்மத் என்னைப் பார்த்தார். பிறகு அக்காவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அஞ்சு லட்சத்துக்கு மேல இருந்தாத்தான் நெலத்தைக் கேப்பாங்க. இந்தப் பாரத்துல அதுக்குக் கட்டம் இல்லீங்கக்கா."

அக்கா திரையில் அந்த நாலாயிரத்து முந்நூறுக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லாதப்ப ரெண்டரை ஏக்கர் எழுதறதுக்கு எடம் இருந்துச்சுங்களே," என்றார்.

பிறகு பையைத் திறந்து பத்திரத்தின் நகலை எடுத்து மேசைமேல் விரித்தார். ஓரம் மடங்காமல் கையால் நீவிவிட்டு, இஸ்மத்தும் நானும் பார்க்கும்படி எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். நாங்கள் இரண்டு பேரும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தோம்.